ஒரே குளம், நான்கு கேள்விகள்: ஆய்வு என்பது எப்படி நடக்கிறது?

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. குளத்தை நம்பி வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. தை, மாசி வாக்கில் போனால் மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்லாமல், வீட்டு வாசலில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். மரத்தடி முழுக்க எச்சம், வெள்ளையடித்த மாதிரி. மீன் வாடை வேறு. ஆனாலும் யாரும் கூட்டைக் கலைப்பதில்லை, மரத்தை வெட்டுவதில்லை. அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1994இல். 2022இல் ராம்சர் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்ற ஆரம்பித்ததோ அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு.

இந்த ஊரைப் பார்த்து நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்கலாம். இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எத்தனை வருகின்றன, குளத்தை என்ன செய்கின்றன என்பார் உயிரியல் படித்தவர். வெடியை விட்டு, மரத்தை விட்டு, குளத்து மீனிலும் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பதில் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்பார் பொருளியல்காரர். இந்தக் கட்டுப்பாடு எப்படி வந்தது, அதைப் பற்றி ஊரில் என்ன கதை சொல்கிறார்கள், யார் சொல்கிறார்கள் என்று கேட்பார் பண்பாட்டு ஆய்வாளர். மனிதர் வெட்டிய குளத்தை எந்த அர்த்தத்தில் 'இயற்கை' என்கிறோம், பறவையைக் காப்பது நம் கடமை என்றால் அந்தக் கடமை எங்கிருந்து வருகிறது என்பது மெய்யியலாளரின் கேள்வி.

குளம் ஒன்றுதான். துறைகளைப் பிரிப்பது பார்க்கும் பொருள் அல்ல, கேட்கும் கேள்வி. கேள்வி மாறினால் சான்றும் மாறும், சான்றைச் சோதிக்கும் முறையும் மாறும். கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் 'ஆய்வு' என்ற பெயரில் நம் ஊரில் நிறையப் பேர் செய்வது தகவல் திரட்டு. நான்கு நூல்களைப் பார்த்து, குளத்தின் பரப்பு, பறவைகளின் பட்டியல், அறிவித்த ஆண்டு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி 'ஓர் ஆய்வு' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அது பயனுள்ள வேலைதான். ஆனால் ஆய்வு இன்னும் ஆரம்பிக்கவில்லை. இதுவரை யாரும் சரியாக விடை சொல்லாத ஒரு கேள்வி வேண்டும். விடையைத் தேடிய வழியை அடுத்தவர் திரும்பப் போய்ச் சரிபார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். 'என் விடை தப்பு என்றால் அது எதனால் தெரியவரும்' என்பதையும் முன்கூட்டியே சொல்லத் தெரிய வேண்டும். இவை இருந்தால்தான் ஆய்வு.

சரி, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம்.

இந்தப் பக்கத்து விவசாயிகளிடம் பேச்சுக் கொடுத்தால், "நாரை எச்சம் கலந்த தண்ணி பாயுத வயலுக்கு உரமே வேண்டாம்லா" என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டுத் தீவுகளில் மலைமலையாகக் கிடந்த கடற்பறவை எச்சத்தைக் கப்பல்களில் ஏற்றி ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகக் கொண்டுபோனார்கள். எச்சம் உரமாகும் என்பதில் சந்தேகமில்லை. நம் கேள்வி வேறு: இந்தக் குளத்துத் தண்ணீரால், இந்த வயல்களில், விளைச்சல் கூடுகிறதா?

அவசரக்காரர் என்ன செய்வார்? கூந்தன்குளத்துப் பாசனத்தில் ஏக்கருக்கு எத்தனை கோட்டை (இந்தப் பக்கத்துப் பழைய அளவு) நெல் என்று கேட்பார். பறவை வராத பக்கத்து ஊர்க் குளத்துப் பாசனத்திலும் கேட்பார். இங்கே அதிகம், அங்கே குறைவு என்று வந்தால், 'பறவையால் விளைச்சல் கூடியது' என்று முடித்துவிடுவார். முடிக்கக் கூடாது. நாரை எந்தக் குளத்தைத் தேடி வரும்? தண்ணீர் நெடுநாள் நிற்கிற குளத்தை. மீன் இருக்க வேண்டும், குஞ்சு பறக்கும் வரை தண்ணீர் வற்றக் கூடாது. தண்ணீர் நெடுநாள் நிற்கிற குளத்தின் கீழ் வயல்களில், பறவை வந்தாலும் வராவிட்டாலும் பிசானப் பயிர் (மழைக்காலத்தை ஒட்டி நடும் நெல்) நன்றாகத்தான் விளையும். அப்படியானால் பறவையையும் கூட்டி வந்து, விளைச்சலையும் கூட்டியது தண்ணீராகவே இருக்கலாம். பறவைக்கும் நெல்லுக்கும் நேரடித் தொடர்பு இல்லாமலேகூட இரண்டும் சேர்ந்து உயரும்.

இதை எப்படி அவிழ்ப்பது? தண்ணீர் ஏறக்குறைய ஒரே அளவு நாள் நிற்கிற குளங்களாகப் பார்த்து ஒப்பிட வேண்டும். ஒரு குளம் போதாது, பல குளங்கள் வேண்டும். ஒரே நெல் ரகம், ஒரே பருவம், வயலில் போட்ட உரத்தின் கணக்கு எல்லாம் வேண்டும். குளத்துக்குள் வரும் கால்வாய்த் தண்ணீரையும் மடை வழியாக வெளியேறும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிடித்துச் சத்துகளை அளக்கலாம். உள்ளே வரும்போது இல்லாத சத்து வெளியே போகும்போது இருந்தால் குளத்தில் என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். மழை பொய்த்து நாரைகள் வராமல் போன வருடங்களும் உண்டு. ஆனால் அந்த வருடங்களில் தண்ணீரும் குறைவு என்பதால், அவற்றை வைத்து ஒப்பிடும்போது இரட்டைக் கவனம் தேவை. அதோடு, சத்து அளவு மீறினால் குளத்தில் பாசி மண்டி, தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்து மீன் சாகவும் செய்யும். ஆகவே நன்மையை மட்டும் தேடிப் போகாமல், கெடுதலையும் அளக்கத் தயாராகப் போக வேண்டும்.

இந்தச் சிக்கலை இன்றைய புள்ளியியல் பாடத்தில் 'குழப்பும் காரணி' என்ற தலைப்பில் நடத்துகிறார்கள். ஆனால் இதன் அடிப்படை நம் மண்ணில் ஏறக்குறைய 250 வருடங்களுக்கு முன்பே தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. பாபநாசத்துக்குப் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர், சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்துக்கு மாபாடியம் என்ற விரிவுரை செய்தவர். அவரேதான் அன்னம்பட்டர் எழுதிய தருக்க நூலான தருக்க சங்கிரகத்தையும் வடமொழியிலிருந்து தமிழில் தந்தவர். அளவை நூல்களில், அதாவது தருக்க நூல்களில், வழக்கமாக வரும் எடுத்துக்காட்டு இது: மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு. இது சரி. திருப்பிப் போட்டு, 'நெருப்பு உண்டு, ஆகவே புகை உண்டு' என்றால் சரியா? இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லையே. நெருப்பிலிருந்து புகை வர வேண்டுமானால் இடையில் ஈர விறகு வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் நடுவே நிற்கும் அந்த ஈர விறகுக்கு 'உபாதி' என்று பெயர்.

நம் குளத்தில் ஈர விறகு எது? தண்ணீர். எந்தத் துறையாக இருந்தாலும் ஆய்வாளரின் பாதி உழைப்பு இந்த ஈர விறகைத் தேடுவதில்தான் போகும். ஆய்வு பழக வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் கற்றுத்தர முடியும் என்றால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சைவ சித்தாந்தம் அறிவு வரும் வழிகளை முக்கியமாக மூன்றாக வைக்கிறது: காட்சி, கருதல், உரை. நேரே காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்பது. மணிமேகலையில் அறிவு வரும் வழிகளைப் பற்றிப் பேசும் அளவைவாதி பத்து வழிகளை அடுக்குவார். இதையெல்லாம் பழைய சமயச் சண்டை என்று பள்ளிக்கூடத்திலேயே கடந்துவிடுகிறோம். 'உனக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்வியை இவ்வளவு பொறுமையாகக் கையாண்ட மரபு கையில் இருந்தும், ஆய்வு முறை என்றாலே வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கிறோமே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காட்சியே சுலபமில்லை என்பதைப் பறவை எண்ணிப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது. 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை அவர்கள் நடத்துகிறார்கள். ஜனவரி மாதத்தில் தன்னார்வலர்களும் மாணவர்களும் குழுக்களாகப் பிரிந்து, ஒரே சமயத்தில் பல குளங்களுக்குப் போகிறார்கள். ஏன் ஒரே சமயத்தில்? இன்று ஒரு குளம், அடுத்த வாரம் இன்னொரு குளம் என்று எண்ணினால், இங்கே பார்த்த அதே கூட்டத்தை அங்கேயும் எண்ணிவிடுவோம். இன்னொன்று, பறவையே இல்லாத குளத்துக்கும் போய் 'இல்லை' என்று எழுதி வர வேண்டும். பறவை இருக்கிற இடத்துக்கு மட்டும் போய் எண்ணினால், குறைந்துகொண்டே வந்தாலும் நமக்குத் தெரியாது. ஒரு வருடக் கணக்கு பெரிதாக ஒன்றும் சொல்லாது. பத்து, பதினைந்து வருடம் ஒரே முறையில் எண்ணியபின்தான் அது பேச ஆரம்பிக்கும்.

கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்தும் வரும். தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். திபெத், மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வந்து குளிர்காலத்தை இங்கே கழிக்கிறது. எவரெஸ்ட் சிகரத்துக்கும் மேலே இது பறக்கும் என்று வெகுநாள் சொல்லி வந்தார்கள். அப்புறம் விஞ்ஞானிகள் இந்த வாத்துகளின் முதுகில் செயற்கைக்கோளோடு தொடர்புள்ள சிறு கருவிகளைக் கட்டி விட்டுப் பார்த்தார்கள். பதிவான உச்ச உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்டோ 8,800 மீட்டருக்கும் மேல். பெரும்பாலான பதிவுகள் 5,500 மீட்டருக்குக் கீழேயே இருந்தன. கணவாய்களைப் பார்த்து, தரையை ஒட்டியே ஏறி இறங்கித் தாண்டுகின்றன. கதையின் உயரம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் வாத்தின் சாமர்த்தியம் கூடுதலாகத் தெரிந்தது.

அடுத்து பண்பாடு. இங்கே எண்ணுவதற்குப் பறவை இல்லை. பாட்டும் கதையும் வழிபாடும்தான் சான்று. அப்படியானால் யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா? சொல்ல முடியாது. நெல்லைச் சீமையிலேயே அதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது.

காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சன்னிதி உண்டு. நேர்த்திக்கடனாக அங்கே செருப்புச் செய்து போடுவார்கள். ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பட்டவராயன் என்பவர் முத்துப்பட்டன். பிராமணராகப் பிறந்து, அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பி மணந்தவர். பூணூலையும் குடுமியையும் எடுத்துவிட்டுச் செருப்புத் தைக்கப் பழகி வந்தால்தான் பெண் தருவேன் என்று மாமனார் சொல்ல, அப்படியே செய்தவர். பின்னால் மாடு களவாட வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தார். இதை வில்லுப்பாட்டாக இன்றும் பாடுகிறார்கள்.

ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி பாடுவதில்லை. பாட்டின் சில பாடங்களில் (வடிவங்களில்) அந்தப் பெண்கள் வாலப்பகடையின் சொந்த மகள்கள். வேறு சில பாடங்களில் அவர்கள் காட்டில் விடப்பட்ட பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று வருகிறது. எது முந்தியது? நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்து ஆராய்ந்தவர். பிராமணக் குழந்தைகள் என்ற பகுதி பிற்காலத்தில் நுழைந்தது என்பது அவர் முடிவு. கதையின் கட்டுக்கோப்பைப் பார்த்தாலே அதன் நியாயம் புரியும். பெண்கள் பிறப்பால் பிராமணர் என்றால், பூணூலை அறுக்கச் சொன்ன அந்த இடமே வலுவிழந்து போகிறது. கதையின் உயிர்நாடி சாதி மீறல், அதையே அந்தச் சேர்க்கை இல்லாமலாக்குகிறது. ஒரு சேர்க்கையால் யாருக்கு மன ஆறுதல், யார் முன்னால் பாடியபோது அது தேவைப்பட்டது என்று கேட்பது பண்பாட்டு ஆய்வின் முறை. பாடகர் யார், கேட்டவர் யார், எந்த ஊர்க் கோயில் கொடை விழா, எந்த வருடம் என்று குறிக்காமல் வெறும் பாட்டை மட்டும் எழுதி வந்தால், இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் போய்விடும். அங்கேயும் ஈர விறகு இருக்கிறது. பாட்டுக்கும் பழமைக்கும் நடுவே நிற்கும் பாடும் சூழல்தான் அது.

கல்வெட்டும் இப்படித்தான். கல்லில் வெட்டியதால் மட்டும் அது நடந்த கதை ஆகிவிடாது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் மானூர். அங்குள்ள கோயில் தூணில், ஏறக்குறைய கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர் மகாசபையில் உட்கார யாருக்குத் தகுதி என்று அது விதி சொல்கிறது: நிலம் இருக்க வேண்டும், நூல் கற்றிருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. சபையில் எந்தத் தீர்மானம் வந்தாலும் 'அல்ல, அல்ல' என்று மறித்துக்கொண்டே இருப்பவர் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, '1,200 வருடத்துக்கு முன்பே எங்கள் ஊரில் சபை ஒழுங்காக நடந்தது' என்று பெருமைப்படத் தோன்றும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். விதி இருந்தது என்பதற்குத்தான் அந்தக் கல் சான்று. விதிப்படி நடந்தார்கள் என்பதற்கு அல்ல. சொல்லப்போனால், எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்லிச் சபையை முடக்கியவர்கள் இருந்திருந்தால்தானே அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கும்? நிலமில்லாதவர்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை என்பதையும் அதே கல் சொல்கிறது. பெருமையைத் தேடிப் போனால் முதல் வரியோடு நின்றுவிடுவோம். கேள்வியோடு போனால் முழுவதையும் வாசிப்போம்.

சபை, விதி, தண்டம் என்று வந்துவிட்டோம். பொருளியலுக்குள் நுழைய இதுவே சரியான வாசல்.

பொதுச் சொத்தை மனிதர்கள் பாழாக்கிவிடுவார்கள் என்பது ஒரு காலத்தில் கிட்டத்தட்டப் பாடமாகவே இருந்தது. 1968இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதிய ஒரு கட்டுரை அதற்குப் பெரிய காரணம். பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விடுவார்கள், ஆதாயம் அவரவருக்கு, நஷ்டம் எல்லாருக்கும் என்பதால் கடைசியில் புல்லே மிஞ்சாது என்றார். ஆகவே அரசு கையில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று பலர் முடிவு கட்டினார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் அதை அப்படியே ஏற்கவில்லை. உலகில் நிஜமாகவே பொதுவில் நடக்கும் பாசனங்கள், மேய்ச்சல் நிலங்கள், மீன்பிடிப்புகள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று தேடிப் பார்த்தார். சுவிட்சர்லாந்து மலைக் கிராமங்களிலும், ஸ்பெயினின் வாய்க்கால் பாசனத்திலும், பிலிப்பைன்ஸ் பாசனச் சங்கங்களிலும் நூற்றாண்டுக் கணக்கில் பாழாகாமல் நடந்து வந்ததைக் கண்டார். பாழான இடங்களையும் சேர்த்தே பார்த்தார், அது முக்கியம். நிலைத்த இடங்களில் சில பொது அம்சங்கள் இருந்தன: யாருக்குப் பங்கு என்பதில் தெளிவு, இடத்துக்கு ஏற்ற விதி, விதியை வகுப்பதில் பங்காளிகளுக்கும் குரல், கண்காணிக்க ஆள், மீறினால் முதலில் சிறிய தண்டம், மறுபடி மீறினால் பெரிய தண்டம். இதை 1990இல் நூலாக எழுதினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

நம் குளத்து ஆயக்கட்டில், அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில், விவசாயம் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாக இருக்காது. மடை திறக்க ஓர் ஆள், அவருக்கு அறுப்பில் நெல்லாகக் கூலி, தலைமடைக்கும் கடைமடைக்கும் முறை, கரை வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள். ஆஸ்ட்ரம் தூரதேசத்தில் கண்டதை நம் பெரியவர்கள் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அதோடு நிறுத்தாமல், அது ஏன் தளர்ந்தது என்றும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக் குளப் பாசனத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஒரு காரணத்தை அழுத்திச் சொல்கிறார்கள்: சொந்தக் கிணறும் மோட்டாரும். கிணறு வெட்ட வசதியுள்ளவருக்குக் குளம் இல்லாமலும் ஓடும் என்றானதும், கரை வேலைக்கு வருவதில் அக்கறை குறைகிறது. குளம் கெடுகிறது. கிணறு வெட்ட முடியாத ஏழை விவசாயிக்கு இரண்டும் இல்லாமல் போகிறது. இதை 'ஊரில் ஒற்றுமை போச்சு' என்று ஒரு வரியில் முடித்திருந்தால், அடியில் இருந்த கணக்கு தெரிந்தே இருக்காது.

வரலாற்றையும் இதில் சேர்த்தால் இன்னும் தெளிவு வரும். அமெரிக்க வரலாற்றறிஞர் டேவிட் லட்டன் நெல்லைச் சீமை உழவர்களின் நெடுங்கால வரலாற்றை எழுதி 1985இல் வெளியிட்டார். தாமிரபரணி பாயும் நன்செய்ப் பகுதி, தேரியும் (செம்மணல் மேடு) பனையும் கரிசலுமான புன்செய்ப் பகுதி, குளத்தையும் கிணற்றையும் நம்பிய கலப்புப் பகுதி என்று தண்ணீர் மாற மாற, நில உரிமையும் சாதி உறவும் அதிகாரமும் எப்படி மாறின என்பதே அதன் மையம். மண்ணும் மழையும் ஒருபுறம், ஆவணமும் அதிகாரமும் மறுபுறம் என்று பிரித்து வைத்திருந்தால் அந்தப் புத்தகத்தை எழுதியிருக்க முடியாது.

துறைகள் ஒன்று சேரும்போது ஒன்றின் எல்லையை மற்றொன்று மீறக் கூடாது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் ஒரு முதுமக்கள் தாழியிலிருந்து கிடைத்த நெல் உமியை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் கரிமக் காலக்கணிப்புச் செய்தார்கள். கி.மு. 1155 என்று வந்ததாக 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்த முறை எப்படி வேலை செய்கிறது? உயிருள்ள செடி காற்றிலிருந்து ஒருவகைக் கதிரியக்கக் கரிமத்தையும் எடுத்துக்கொள்ளும். செத்தபின் எடுப்பது நின்றுவிடும். உள்ளே இருப்பது சீரான விகிதத்தில் குறைந்துகொண்டே வரும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் எப்போது செத்தது என்று தெரியும். ஆக, அந்த நெல் எப்போது விளைந்தது என்பதை இயற்பியல் சொல்லிவிடும். அதைத் தாழிக்குள் ஏன் வைத்தார்கள், வைத்தவர் யார், என்ன மொழி பேசினார் என்பதை உமி சொல்லாது. அதற்குத் தாழி இருந்த அடுக்கு, கூடக் கிடைத்த பானை, பக்கத்து ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும் 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியதிலிருந்து சேர்ந்து வந்த சான்றுகள் எல்லாம் வேண்டும். ஒரு துறையின் உறுதியை இன்னொரு துறையின் கேள்விக்குக் கடன் வாங்கினால் ஆய்வு அங்கேயே சரியும். தமிழர் தொன்மை பற்றிப் பேசும்போது இந்தக் கடன் அடிக்கடி நடக்கிறது. தொன்மையை நேசிக்கிறவர்கள்தான் இதில் கறாராக இருக்க வேண்டும்.

செய்து முடித்த ஆய்வு அடுத்து எங்கே போகும்? ஆய்விதழுக்கு. ஆசிரியர் அதே துறையில் வேலை பார்க்கும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். பெரும்பாலும் அவர்கள் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. எப்படி அளந்தீர்கள், இந்த வழியில் ஏன் பார்க்கவில்லை, இந்த முடிவுக்கு இந்தச் சான்று போதுமா என்று குடைவார்கள். திருத்தி அனுப்ப வேண்டும், சில சமயம் இரண்டு முறை. இதைத் தாண்டி வந்துவிட்டதாலேயே ஒரு கட்டுரை உண்மையாகிவிடாது. அந்த இரண்டு மூன்று பேர் குடைந்து பார்த்தது என்ற அளவுக்குத்தான் உறுதி. காசை வாங்கிக்கொண்டு, குடையாமல், சில நாளில் அச்சிட்டுத் தரும் இதழ்களும் இருக்கின்றன. மாணவர்கள் அவற்றில் பணத்தை விடாதீர்கள்.

இதற்கெல்லாம் பெரிய நகரமும் பெரிய நிறுவனமும் இருந்தால்தான் முடியும் என்றில்லை. வானமாமலை பல்கலைக்கழகப் பதவியில் இருந்துகொண்டு இதைச் செய்யவில்லை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். நெல்லை ஆய்வுக் குழு என்று ஒன்றை ஏற்படுத்தி, ஆளாளுக்குக் கட்டுரை எழுதி வந்து வாசிக்க, மற்றவர்கள் கேள்வி கேட்க, ஒரு பழக்கத்தையே உண்டாக்கினார். 1969இல் 'ஆராய்ச்சி' என்ற இதழைத் தொடங்கினார். நாட்டார் பாடலும் மெய்யியலும் வரலாறும் மானிடவியலும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஒரு படிப்பாகவே வேர்விட்டது. ஒருவர் கட்டுரையை இன்னொருவர் கூச்சமில்லாமல் கேள்வி கேட்கிற ஓர் அறை போதும், மீதி அதிலிருந்து வளரும்.

பறவையைக் காக்கும் கடமை எங்கிருந்து வருகிறது என்ற மெய்யியலின் இரண்டாவது கேள்வி பாக்கி இருக்கிறது. எச்சத்தால் விளைச்சல் கூடவில்லை என்று நாளை உறுதியாகத் தெரிந்தால், கூந்தன்குளத்தில் வெடி போடலாமா? இதற்கு எந்த அளவீடும் விடை தராது. 'இப்படி இருக்கிறது' என்பதிலிருந்து மட்டும் 'இப்படிச் செய்ய வேண்டும்' என்பது வராது என்று ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் சுட்டிக்காட்டினார். பறவையால் நமக்கு ஆதாயம் என்பதால் காக்கிறோமா, பறவை வாழ்வதே மதிப்புள்ளது என்பதால் காக்கிறோமா? முதல் விடையைச் சொன்னால், ஆதாயம் நின்றதும் காப்பதும் நின்றுவிடும். இரண்டாவதைச் சொன்னால், அந்த மதிப்புக்காக மீன் குத்தகைதாரரும் முற்றத்து மரத்துக்காரரும் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்று பொருளியல் திரும்பி வந்து கேட்கும். கேட்கவும் வேண்டும். பறவை எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி என்று அந்த ஊர்ப் பெண்கள் சொன்னால், அதைக் கவிதை என்று ஒதுக்காமல், கடமையைப் பற்றிய ஒரு வாதமாகவே எடுத்துக்கொண்டு யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆரம்பிக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சின்னதாக ஒரு கேள்வி தருகிறேன். தாமிரபரணிக் கரையில் யாரிடம் கேட்டாலும் 1992 நவம்பர் வெள்ளத்தைச் சொல்வார்கள். 2023 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் கண்முன் நிற்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. உங்கள் தெருவில் இரண்டில் எது அதிக உயரம் வந்தது? ஆச்சி ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார். இருவர் சொன்னதையும் எழுதுங்கள். அந்த வெள்ளத்தின்போது அவருக்கு என்ன வயது, எங்கே நின்று பார்த்தார், மாடியிலா கரையிலா என்பதையும் கேட்டு எழுதுங்கள். பெயரைப் போடலாமா என்று அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் தண்ணீர்க் கோடு மிச்சமிருந்தால் அதை அளந்து படம் எடுங்கள். அளப்பதைச் சாலையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 1992க்குப் பிறகு உங்கள் தெருவில் எத்தனை முறை தார் போட்டிருப்பார்கள், சிமெண்டு போட்டிருப்பார்கள். தரை உயர உயரப் பழைய வெள்ளம் குறைந்தது போலத் தெரியும். கோயில் வாசல்படி, பழைய வீட்டின் கல்திண்ணை என்று இடம் மாறாத ஒன்றைப் பிடித்து, அதிலிருந்து அளந்து, எதிலிருந்து அளந்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.